எங்கள் ஆபீஸ் மெஷினில் நன்றாகத்தான் ஓடியது

மென்பொருள் எழுதுகிறவர்களை நாலு பேர் பாராட்டுவார்கள். எழுதியதை எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ஓடும்படி கட்டிக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களை, அது ஓடாத அன்றைக்கு மட்டும்தான் தேடுவார்கள். இதே தொழிலில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. கூட உட்கார்ந்து பெருமூச்சு விட்டால் போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

நாம் எழுதுவது பிராசஸருக்குப் புரியாது. அதற்குத் தெரிந்த கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். புதிய பிராசஸர்களுக்குக் கூடுதலாகச் சில கட்டளைகள் தெரியும். அவற்றால் வேலை சட்டென்று முடியும். எதுவரைக்கும் போகலாம் என்று கம்பைலருக்கு நாம் சொல்லும் குறிப்புக்கு ஃப்ளாக் என்று பெயர். 'இந்த மெஷினுக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையையும் பயன்படுத்து' என்றும் ஒரு ஃப்ளாக் உண்டு. அதைப் போட்டுக் கட்டினால் நம் மெஷினில் புரோகிராம் பறக்கும். பழைய மெஷினில், தெரியாத முதல் கட்டளை வந்ததுமே அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

எங்கள் ஆபீஸ் பாளையங்கோட்டையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பார்வையில்லாதவர்களுக்காக, கம்ப்யூட்டர் திரையில் இருப்பதையெல்லாம் தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொல்கிற ஒரு புரோகிராமைச் செய்கிறோம். முதலாளி பொன்ராஜ், போன் எடுக்கிற காதர், புரோகிராமைக் கட்டுகிற சுகந்தியாகிய நான், அதைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே தேவசகாயம் சார். ஆக நாலு பேர்.

காதரின் முதல் கேள்வி

காதர் எங்களிடம் வருவதற்கு முன் பிரிண்டர் விற்கிற இடத்தில் போன் எடுத்துக்கொண்டிருந்தவர். யார் கூப்பிட்டு என்ன சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: திரையில் என்ன தெரிகிறது? அங்கே அது சரியான கேள்வி.

நாங்கள் முதன்முதலாகப் புரோகிராமை வெளியிட்ட சமயம். அதை நான் ஆபீஸ் மெஷினுக்குத் தெரிந்த அத்தனை கட்டளைகளையும் சேர்த்தே கட்டியிருந்தேன். சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாத்தியாரம்மா கூப்பிட்டார். அவருடையது பழைய கம்ப்யூட்டர். புரோகிராமைத் திறந்தால் சத்தமே இல்லையாம். மற்றவர்கள் செய்கிற புரோகிராம் நின்றுபோனால் திரையில் ஒரு பெட்டி வந்து, நின்றுவிட்டது என்று எழுதிக் காட்டும். எங்களுடையதிலும் பெட்டி வரத்தான் செய்யும். ஆனால் அதைப் படித்துச் சொல்ல வேண்டியதே அந்தப் புரோகிராம்தானே. காதர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். அந்த அம்மா கோபமில்லாமல் சொன்னார்:

"ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு சொல்லத்தான தம்பி, நான் உங்க புரோகிராமை வாங்கிப் போட்டிருக்கேன்?"

உடன்குடி அண்ணாச்சியின் வழக்கு

அடி வாங்கியதும் கூடுதல் கட்டளைகளில் சிலவற்றைக் குறைத்து, கொஞ்சம் கீழே இறங்கினேன். ஆனால் அடிமட்டம்வரை இறங்க மனம் வரவில்லை. ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்குப் பிறகு வந்த பிராசஸர்களுக்கெல்லாம் இந்தக் கட்டளைகள் தெரியும் என்று எல்லாரும் நம்புவதுபோல நானும் நம்பி, அந்த வருஷத்துக்கு ஏற்ற ஃப்ளாக்கைப் போட்டேன்.

உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. 'சரக்கை நாக்கில் வைக்காமல் விற்கிற ஒரே வியாபாரி நான்தான்' என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவரும் அவர் தம்பியும் ஒரே கடையில், ஒரே நாளில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். தம்பி மெஷினில் எங்கள் புரோகிராம் பேசியது. அண்ணாச்சி மெஷினில் வாயே திறக்கவில்லை. விசாரித்ததில், கண் தெரியாதவருக்கு இது போதும் என்று அவருக்கு மட்டும் மலிவான வகையை வாங்கி வைத்திருந்தார்கள். ஒரே வருஷம் வந்ததானாலும், மலிவான வகைப் பிராசஸரில் அந்தக் கூடுதல் கட்டளைகளை எடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். இதை அவருக்குப் பக்குவமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாப்பிள்ளை பாக்குத மாதிரில்லா இருக்கு உங்க கத. வயசும் ஒண்ணு, ஊரும் ஒண்ணு, ஆனா எந்த வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுட்டுத்தான் வாயத் தொறப்பியளோ?"

தேவசகாயம் சாரின் காது

அதற்குப் பிறகு ஒரேயடியாக அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டேன். எந்தப் பழைய மெஷினுக்கும் தெரிந்த கட்டளைகள் மட்டும். எல்லா ஊரிலும் ஓடியது. போன் வருவது நின்றது. நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், எங்கள் ஆபீஸுக்குள்ளேயே ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

தேவசகாயம் சார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் கேட்கிற வேகத்தில் புரோகிராமைப் பேச விட்டால் எங்களுக்கெல்லாம் ஏதோ இரைச்சல் மாதிரிதான் இருக்கும். அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் விழும். அந்த வருஷம் புதிதாக ஒரு குரல் சேர்த்திருந்தோம். மனிதக் குரல் மாதிரியே இழைந்து பேசும், ஆனால் அதற்குக் கணக்கு நிறையப் போட வேண்டும். அடிமட்டக் கட்டளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டால், விசையைத் தட்டியதற்கும் குரல் வருவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கண்சிமிட்டல்தானே சார் என்று முதலாளி சொன்னார். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாத சொல். தேவசகாயம் சார் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மத்த நேரமெல்லாம் எனக்கு நான் குருடன்ங்கிற நெனப்பே வராது பொன்ராஜ். தட்டிட்டுக் காத்துக்கெடக்கேன் பாரு, அப்பம்தான் வருது."

மாஞ்சோலையிலிருந்து இறங்கியவள்

அந்த நாட்களில்தான் இசக்கி எங்களுக்குப் பழக்கமானாள். மாஞ்சோலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த, பார்வையில்லாத பெண். அம்மா தேயிலை பறித்தவர், அப்பா இல்லை. பிளஸ் டூவில் கிடைத்த இலவச லேப்டாப்தான் இசக்கியின் மெஷின், மலிவான வகைப் பிராசஸர். எஸ்டேட்டை மூடி எல்லாரையும் மலையிலிருந்து இறக்கியபோது தாயும் மகளும் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மலையில் பறிக்கத் தெரிந்த கைக்குக் கீழே வேலை இல்லை. அம்மா பீடி சுற்றப் பழகிக்கொண்டிருந்தார்.

இசக்கி ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தாள். பதிவான பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், மாதச் சம்பளம். அவளுடைய காதுக்கும் விரலுக்கும் அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அதற்கு ஆன்லைனில் ஒரு தேர்வு உண்டு. தேர்வுப் பக்கத்தை எங்கள் புரோகிராம் ஒழுங்காகப் படிக்குமா என்று கேட்கத்தான் முதலில் கூப்பிட்டாள். படிக்கும் என்று சோதித்துச் சொன்னேன். உன் மெஷினில் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசும், பரவாயில்லையா என்றும் கேட்டேன்.

"பையப் பேசினாலும் சரிக்கா. பாதியில நிக்காம இருந்தாப் போதும்."

கிறிஸ்மஸ் வெள்ளையடிப்பு

தேவசகாயம் சாருக்கு வேகம் வேண்டும், இசக்கிக்கு நிற்காமல் பேச வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது, உங்களில் பலர் செய்திருப்பீர்கள். கனமான கணக்குகளை இரண்டு விதமாகக் கட்டி ஒரே புரோகிராமுக்குள் வைத்துவிடுவது. புரோகிராம் எழுந்ததும் ஒரு சின்னத் துண்டு, இது எந்தப் பிராசஸர் என்று பார்க்கும். புதியதென்றால் வேகமானதை ஓட்டும், பழையதென்றால் அடிமட்டக் கட்டளைகளில் கட்டியதை. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் எனக்குப் புது மெஷின் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸுக்கு முன்னால் வீட்டையும் கடையையும் வெள்ளையடிப்பது கட்டாயம். வெள்ளையடிப்பதென்றால் சாமான்களை வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததில் வேண்டாததெல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போகும். அப்படிப் போனவற்றில், மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒன்று. உடன்குடி வழக்குக்குப் பிறகு, வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நான் சோதித்துப் பார்க்கிற ஒரே பழைய பிராசஸர் அதில்தான் இருந்தது. நான் விடுப்பு முடிந்து வந்தபோது அந்த மூலை பளிச்சென்று இருந்தது. அது எங்கே என்று கேட்டேன். முதலாளி சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எம்மா சுகந்தி, வெள்ளையடிச்ச ஆபீஸ்ல அந்தப் பிணத்தையா வைக்கச் சொல்லுத? புதுசுல ஓடுனா எல்லாத்துலயும் ஓடும்மா."

காத்திருந்த பெண்

புதிதாகக் கட்டிய பதிப்பு ஆபீஸ் மெஷின்கள் எல்லாவற்றிலும் நன்றாகத்தான் ஓடியது. தேவசகாயம் சார் சிரித்தார். வெளியிட்டோம். அதில் இருந்த தவறை இப்போது சொன்னால், தொழில் தெரிந்தவர்கள் தலையில் கை வைப்பீர்கள். எந்தப் பிராசஸர் என்று பார்க்கிற அந்தச் சின்னத் துண்டும், வேகமான பகுதிக்குப் போட்ட ஃப்ளாக்கோடு, புது மெஷினின் கட்டளைகளிலேயே கட்டப்பட்டிருந்தது. உனக்கு இந்தப் பாஷை தெரியுமா என்ற கேள்வியை அந்தப் பாஷையிலேயே கேட்டிருந்தோம். தெரியாத மெஷின், கேள்வியிலேயே நின்றுபோனது.

எங்கள் புரோகிராம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வேலையின் நடுவே தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக, விசைப்பலகையில் கை படாமல் இருக்கிற நேரமாகப் பார்த்துச் செய்யும். இசக்கி தேர்வுக்கு உட்கார்ந்தாள். தேர்வுப் பக்கத்தில் கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, எழுந்து போகக் கூடாது, தேர்வு தொடங்கும்வரை எந்த விசையையும் தொடக் கூடாது என்று விதி. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கக் காத்திருந்தாள். சும்மா இருக்கிறாள் என்று எங்கள் புரோகிராம் நினைத்துக்கொண்டது. 'புதுப்பிக்கிறேன், சற்றுக் காத்திருக்கவும்' என்று சொன்னது. பிறகு அது எழவே இல்லை.

அவள் காத்திருந்தாள். எதையாவது தட்டினால் தேர்வு ரத்தாகிவிடுமோ என்று பயம். தேர்வு தொடங்கி, கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து, நேரம் முடிந்து, எல்லாம் போய்விட்டது. ஒரு சத்தமும் அவள் காதுக்கு வரவில்லை. வெளியே தெருப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஹெட்போனைக் கழற்றியிருக்கிறாள். அம்மாவைக் கூப்பிட்டுப் போனை வாங்கி எங்களை அழைத்தாள். காதர் எதுவும் கேட்காமல் என்னிடம் கொடுத்துவிட்டார்.

"காத்திருக்கச் சொல்லிச்சுக்கா, காத்திருந்தேன். நான் எதையும் தப்பாத் தட்டிட்டனா?"

கம்பெனியின் பதில்

காதர் தன் வீட்டிலிருந்து மகனுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அதில் போட்டதுமே தெரிந்துவிட்டது. அந்தச் சின்னத் துண்டை அடிமட்ட ஃப்ளாக்கில் தனியாகக் கட்டிச் சேர்க்க வேண்டியதுதான். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. அத்தனை சின்ன வேலை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். தேர்வு எழுதிய பெண்ணின் மேல் தவறில்லை, அவளுக்குப் படித்துச் சொல்கிற புரோகிராமைச் செய்கிறவள் நான்தான், தவறு எங்களுடையது, மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டேன். பேசிய பையன் நல்ல பையன்தான். கேமராவில் பதிவானதை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தான். எங்கள் பக்கத்தில் கோளாறு இருந்தால்தான் மறுதேர்வு மேடம், உங்கள் பக்கக் கோளாறுக்கு விதியில் இடமில்லை என்றான். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி இதையும் சொன்னான்:

"வீடியோவ முழுசாப் பாத்தேன் மேடம். கடைசி வரைக்கும் அசையாம உக்காந்திருக்காங்க. ஒழுங்கு மார்க்குன்னு ஒண்ணு இருந்தா இவங்களுக்குத்தான் குடுத்திருப்போம்."

கடைத் தூள்

சரிசெய்த பதிப்பை எடுத்துக்கொண்டு நானே சேரன்மகாதேவி பஸ் ஏறினேன். போனிலேயே சொல்லிக் கொடுத்துப் போட வைத்திருக்கலாம். ஆனால் பேசாத கம்ப்யூட்டரில் அவள் எப்படிப் போடுவாள்? வாய்க்கால் ஓரம் வரிசையாக வீடுகள், எதிரே நெல் வயல். இசக்கி லேப்டாப்பைத் துடைத்து, பாயில் தயாராக வைத்திருந்தாள். போட்டு முடித்ததும் குரல் வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, 'வந்துட்டு' என்று மட்டும் சொன்னாள். சிரிக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவள் அம்மா தேநீர் கொண்டுவந்தார். கடைத் தூள்தான், எஸ்டேட் தூள் மாதிரி நன்றாக இருக்காது என்று வருத்தப்பட்டார். அன்றைக்குத் தேர்வு நடந்தபோது அவர் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள. நடுவில் ஒருமுறை கதவிடுக்கில் பார்த்தாராம். மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நன்றாக எழுதுகிறாள் என்று சந்தோஷப்பட்டாராம். இந்த மெஷினும் பழசு, எல்லாப் பழைய மெஷினிலும்தான் நின்றுபோனது என்று நான் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"எஸ்டேட்டுல எங்கள எறக்கிவிடும்போதுகூட முன்னாடியே நோட்டீஸ் ஒட்டுனாவ தாயி. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

கடைசியாக

இப்போதெல்லாம் எங்கள் புரோகிராம் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. கேட்டு, ஆம் என்ற பிறகுதான் புதுப்பிக்கும். காதரின் மகனுடைய லேப்டாப் ஆபீஸ் மூலையில் இருக்கிறது, வெள்ளையடித்தாலும் அதை யாரும் தொடக் கூடாது என்று தேவசகாயம் சார் உத்தரவு போட்டிருக்கிறார். பழைய பிராசஸர்களுக்குக் கட்டிக் கொடுப்பதை விட்டுவிடலாமா என்று முதலாளி ஒருமுறை ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

போன மாதம் இசக்கிக்குப் போன் செய்தேன். வேறொரு கம்பெனி அதே மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கிறது. அவர்களுடைய தேர்வுப் பக்கம் புதிய மாதிரி, எங்கள் புதிய பதிப்புத்தான் அதைப் படிக்கும். உன் மெஷின் வகையிலேயே சோதித்துவிட்டேன், நானே வந்து பக்கத்தில் இருந்து போட்டுத் தருகிறேன் என்றேன். பின்னால் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றுகிறாளாம், கை பழகிவிட்டதாம். தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை.

"புதுசு வேண்டாம்க்கா. பேசிட்டிருக்கதப் பேச விடுங்க."

ஒவ்வொரு பதிப்பையும் அந்தச் சின்னப் பிராசஸரில் ஓடுகிறதா என்று பார்க்காமல் நான் இப்போது வெளியே விடுவதில்லை. அது ஓடும் என்று நம்ப வேண்டிய ஒருத்தி மட்டும் நம்பாமல் இருக்கிறாள், அதை மாற்றுவதற்குத்தான் எந்தக் கம்பைலரிலும் ஃப்ளாக் இல்லை.